மேட்டுப் பாதையில் பதின்மூன்று பேனர்கள்

வழியனுப்பு விழா அன்று காலையில் விடுதிக் கதவைத் திறந்தவள், கீழே பள்ளிக்கூட வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு தூண்களுக்கும் நடுவே வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு பேனர். முதுகுப்பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் வெயிலில் எழுத்துகள் இடம் வலம் மாறி ஊடுருவித் தெரிந்தன. பேனர் என்ற ஒன்றே போதும், என்ன எழுதியிருக்கும் என்று வாசிக்கத் தேவையில்லை.

பாதி இறங்குவதற்குள் உடம்பெல்லாம் கொதித்தது. வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பிப் படித்தேன். 'வாழ்த்துகள்! எங்கள் மாணவர் யூசான் சியோல் நகரில் மருத்துவம் படிக்கப் போகிறார்!' யூசான் என்ற பெயர் ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது.

பிப்ரவரி மாதம் எங்கள் நாட்டில் எந்தத் தெருவில் நடந்தாலும் இந்தக் கூத்துதான். பள்ளிக்கூடம், டியூஷன் கட்டடம், சில ஊர்களில் பஞ்சாயத்து அலுவலகம்கூடத் தொங்கவிடும். யார் எங்கே இடம் வாங்கினார்கள் என்று காற்றில் படபடக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளை அதன் அடியில் தலையைக் குனிந்துகொண்டு நடந்து போகும். அது வேண்டாம் என்று சொல்லித்தான் இந்த மேட்டில் இந்தப் பள்ளியே ஆரம்பமானது. இங்கே ரேங்க் கிடையாது, பரிசு கிடையாது. ஒவ்வொரு மார்ச்சிலும் புதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோரை எழுந்து நிற்க வைத்து, 'என் பிள்ளையை எவர் பிள்ளையோடும் ஒப்பிட மாட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வைப்போம். மூன்று வருடப் படிப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே போகும் அன்று, வழியனுப்பு விழாவில் இன்னொரு முறை சொல்ல வேண்டும். பிள்ளைகளோடு தங்குகிறவள் நான், விடுதி டீச்சர். அதனால் நான்தான் முதலில் சொல்வேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள்.

தூணுக்குப் பின்னால் யூசான் நின்றிருந்தான். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான்.

"டீச்சர், இதை எடுக்கச் சொல்லுங்க. பசங்க மூஞ்சியப் பாக்க முடியல."

"இருடா, வர்றேன்," என்று சொல்லிவிட்டு நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். பாங் சார் புது டை கட்டிக்கொண்டு பார்லித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், வாசல்ல தொங்குறது என்ன?"

"பாத்தீங்களா பியோ டீச்சர்? நேத்து சாயங்காலம்தான் வந்துச்சு. நல்ல துணி. பனிக்குத் தாங்கும்."

"துணியைக் கேக்கல சார்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இந்த வருஷம் சேர வந்தவங்க எத்தனை பேருன்னு உங்களுக்குத் தெரியும். வகுப்புல பாதி பெஞ்சு காலி. எங்கயும் தேறாத பிள்ளைங்களைக் கொண்டுபோய்த் தள்ளுற இடம்னு கீழ ஊர்ல பேசறாங்க. நாளைக்கு இதை இழுத்து மூடிட்டா, உங்க கொள்கையை எங்க கொண்டுபோய் வெப்பீங்க? உங்க வீட்டு அலமாரியிலயா?"

"மூணு வருஷம் ஒப்பிடாத ஒப்பிடாதன்னு சொல்லிட்டு, கடைசி நாள்ல ஒருத்தன் பேரை மட்டும் வாசல்ல கட்டினா..."

"ஒருத்தன் பேரை மட்டும்னு யார் சொன்னது?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாதையில இறங்கிப் பாருங்க முதல்ல. பதிமூணு பேருக்கும் போட்டிருக்கேன். யாரையும் விடல. ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு மரம்னு நாமதானே சொல்றோம்? ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பேனர்!"

பாங் சார் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காய்ச்சல் கண்ட பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு பனியில் பஸ் நிறுத்தம்வரை இறங்கியவர். அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது. கெட்டவன் செய்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். நல்லவர் இவ்வளவு சந்தோஷமாகச் செய்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இறங்கிப் பார்த்தேன். வாசலிலிருந்து பஸ் நிறுத்தம்வரை, சீமைப்பனிச்சை மரத்துக்கு மரம் ஒரு பேனர். இறங்க இறங்கத் துணி சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் சியோல் பல்கலைக்கழகங்கள். அப்புறம் மாகாணக் கல்லூரிகள். அப்புறம் இரண்டாண்டுப் படிப்புகள். அப்புறம், மறுபடி தேர்வு எழுதப் போகிற பெண்ணுக்கு 'விடாமுயற்சிக்கு வாழ்த்துகள்!'

என்ன செய்யப் போகிறோம் என்று இன்னும் முடிவு செய்யாத ஹோபினுக்குப் போட்டிருந்தது இது: 'வாழ்த்துகள்! ஹோபின் தன் பாதையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.' அதன் அடியில் பையன்கள் கும்பலாக நின்று கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டேய் ஹோபின், உன்னைக் காணோம்னு ஒட்டியிருக்காங்கடா!"

"அடையாளம் போடலியே. கடைசியா என்ன சட்டை போட்டிருந்தான்?"

"கண்டுபிடிச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கடா," என்றான் ஹோபின். சிரித்தான். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

எல்லாவற்றுக்கும் கடைசியில், பஸ் நிறுத்தத்துக் கம்பத்துக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே, துண்டு அகலத்தில் ஒன்று. 'வாழ்த்துகள்! டான்பி பாய்லர் பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்கிறார்.'

இதை இன்றைக்கா தொங்கவிட வேண்டும்? ஏனென்றால் அன்று டான்பியின் அப்பா வருகிறார்.

டேகு நகரத்தில் மூன்று மாடி டியூஷன் கட்டடம் நடத்துகிறவர் அவர். அந்த மனிதருடைய மகள் இங்கே வந்தபோது நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் ரணம். ஒருவரோடும் பேச மாட்டாள். ராத்திரி அறையில் படுக்காமல் பாய்லர் அறையில் போய்ச் சுருண்டுகொள்வாள். அது சூடாக இருக்கிறது, அதோடு என்னை ஒரு கேள்வியும் கேட்காது என்றாள் ஒருநாள். நான் திட்டவில்லை, ஒரு போர்வையைக் கொண்டுபோய்ப் போட்டேன். அந்தக் குளிர்காலத்தில் பாய்லர் நின்றுபோனபோது, பழுதுபார்க்க வந்தவர் பின்னாலேயே நாள் முழுக்க அலைந்தாள். அன்று முதல் வாய் திறந்தது. குழாய், வால்வு, பம்ப் என்று பேச ஆரம்பித்தவளை நிறுத்த முடியவில்லை. விரல்களும் ஆறின.

கல்லூரித் தேர்வே எழுதப் போவதில்லை என்று அவள் சொன்ன அன்று அப்பா போனை வைத்தவர்தான். மூன்றாம் வருடம் முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. விடுமுறைக்கும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. போன வாரம் கூப்பிட்டு, "விழாவுக்கு வர்றேன்," என்றாராம். அவ்வளவுதான். அதை என்னிடம் வந்து சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுவதும் பாய்லர் அறையைப் பெருக்கிக்கொண்டே இருந்தாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பதென்றால் இதுதான். மனசை எப்படியோ கல்லாக்கிக்கொண்டு அந்த மனிதர் காரோட்டி வருவார். முதலில் கண்ணில் படுவது என்ன? குப்பைத் தொட்டிப் பக்கத்தில் தன் மகள் பெயர். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால்? அப்புறம் அந்தப் பெண்ணுக்கு இந்த ஜென்மத்தில் அப்பன் இல்லை.

டான்பி மேலேயிருந்து கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பேனரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கு டீச்சர். பாய்லர்ங்கறதை இன்னும் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாம்."

"நடிக்காதடி."

"நான் எங்க நடிக்கறேன்? நீங்கதான் மூஞ்சிய அப்படி வெச்சிருக்கீங்க. ஹாலுக்குச் சூடு ஏத்தணும், நான் போறேன்."

போய்விட்டாள். வலியை மறைக்கிறாள், பாவம், என்று நினைத்துக்கொண்டேன். காலைச் சூப்புக்குக் கிம்ச்சி ஊறுகாய் நறுக்கிய கத்தரிக்கோல் என் ஏப்ரன் பையிலேயே இருந்தது. குப்பைத் தொட்டிமேல் ஏறினேன். ஒரு பக்கக் கயிற்றை அறுத்தேன். பேனர் மடங்கித் தொங்கியது. இன்னொரு பக்கத்துக்குக் கையை நீட்டினேன்.

"டீச்சர், என்ன பண்றீங்க?"

குனிந்து பார்த்தேன். மஞ்சள் பூங்கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் போனோடு அவர் நின்றுகொண்டிருந்தார். மூன்று வருடத்தில் தலை நன்றாக வெளுத்துவிட்டது.

"டான்பி அப்பா... நீங்க இதைப் பாக்க வேண்டாமேன்னுதான்..."

"பாத்துட்டேனே. வளைவுலயே பாத்துட்டேன். போட்டோ எடுக்கலாம்னு வண்டிய அங்கயே நிறுத்திட்டு இறங்கி வர்றேன். நீங்க அறுத்துக்கிட்டு இருக்கீங்க."

கத்தரிக்கோலை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு தொட்டியிலிருந்து இறங்கினேன்.

"என் கட்டடத்துல வருஷா வருஷம் தொங்கவிடுறேன் டீச்சர். எல்லாம் ஊரான் பிள்ளைங்க பேரு. என் பொண்ணு பேரு எங்கயும் தொங்கினதில்ல. பொறந்ததிலேருந்து இன்னிக்குத்தான் முதல்முதலா பாக்கறேன். அதை எதுக்கு அறுக்கறீங்க? பாய்லர்னு போட்டிருக்கறது அசிங்கமா இருக்கா?"

"ஐயோ, எனக்கில்ல! உங்களுக்கு அசிங்கமா இருக்குமோன்னு..."

"மேல பெருசா ஒண்ணு தெரியுதே, டாக்டருக்குப் படிக்கப் போற பையனோடது. அதை அறுக்காமத்தானே இறங்கி வந்தீங்க?"

எடுக்கச் சொல்லி அந்தப் பையன் கெஞ்சினான். இருடா என்று சொல்லி அவனைத் தாண்டி வந்தவள் நான். பதின்மூன்று பேரில் யார் பெயர் கண்ணில் படக்கூடாது என்று என் கத்தரிக்கோல் யாரையும் கேட்காமலே முடிவு செய்திருந்தது. பாங் சார்மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தது.

அவர் பூங்கொத்தைத் தொட்டிமேல் வைத்துவிட்டு, அறுந்த கயிற்றை எடுத்துக் கம்பத்தில் கட்ட ஆரம்பித்தார். கட்டத் தெரியவில்லை. கயிறு வழுக்கிக்கொண்டே இருந்தது. மேலே யாரோ சொல்லியிருக்க வேண்டும், டான்பி ஓடி வந்து, நாலடி தள்ளி நின்றாள்.

"அப்பா, அந்த முடிச்சு நிக்காது. காத்தடிச்சா அவுந்துடும்."

"அப்ப நீ கட்டு."

அவள் கட்டினாள். அவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்டீங்களா?" என்றாள்.

"ம்."

"பொய்."

"விழா முடியட்டும். பள்ளி முடிச்ச அன்னிக்குக் கறுப்பு நூடுல்ஸ்தானே? வாங்கித் தர்றேன், வா." போனைத் தூக்கினார். "பேனர்கிட்ட நில்லு. சிரி."

"நீங்க முதல்ல சிரிங்க. மிரட்டுற மாதிரியே இருக்கு."

மூன்று பேரும் மேட்டில் ஏறினோம். அவர் ஒவ்வொரு பேனராக நின்று நின்று படித்தார். ஏற ஏறத் துணி பெரிதாகப் பெரிதாக அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. வாசலில் பாங் சார் இடுப்பு ஒடிய வணங்கி வரவேற்றார்.

"வாங்க, வாங்க! பாத்தீங்களா டான்பி அப்பா? ஒருத்தரையும் விடல. எல்லாரும் சமம்!"

"நானும் இப்படித்தான் சார் தொங்கவிடுவேன்," என்றார் டான்பி அப்பா. "பெருசு மேல, சின்னது கீழ. எந்த வரிசையில போட்டா ஆள் சேரும்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா எழுந்து நிக்க வெச்சு சத்தியம் வாங்கிட்டுத் தொங்கவிடல."

பாங் சாரின் சிரிப்பு அப்படியே நின்றது. "எல்லாம் ஒரு வாழ்த்துதானே சார்..." என்று ஆரம்பித்தார். கேட்க டான்பி அப்பா அங்கே இல்லை.

ஹாலில் தரை இதமாகச் சூடேறியிருந்தது. பாட்டு முடிந்தது, பிள்ளைகள் பேசி முடித்தார்கள். யூசான் தலையைத் தூக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே அவன் பெயர் காற்றில் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. எவரும் அதை அவிழ்க்கவில்லை, நான் உள்பட. பெற்றோர் எழுந்து நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொல்ல வேண்டும். வருடா வருடம் சொல்கிறவள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அன்று தொண்டையை விட்டு ஒரு எழுத்து வெளியே வரவில்லை. ஏப்ரன் பையில் கத்தரிக்கோல் கனத்தது. யாரோ இருமினார்கள். பாங் சார் கண்ணால் ஜாடை காட்டினார்.

மூன்றாவது வரிசையில் டான்பி அப்பா தொண்டையைச் செருமினார். மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"என் பிள்ளையை எவர் பிள்ளையோடும் ஒப்பிட மாட்டேன்," என்றார், உரக்க.

நான் அதைத் திருப்பிச் சொன்னேன்.