வார்சாவுக்கு ஓர் ஆசி

குரலாயை ஒரு சின்னக் கணக்கு குடைந்துகொண்டே இருந்தது. வார்சாவில் உள்ள ஒரு வணிகப் பள்ளி அவளுக்கு மேலாண்மைப் படிப்பில் இடம் தந்திருந்தது. வருகிறேன், வரவில்லை என்பதை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். அவள் வேலை பார்க்கும் சீன எல்லை ரயில் சரக்கு யார்டில் ஷிப்ட் இன்சார்ஜ் நாற்காலி யாருக்கு என்பதோ ஜூன் மாதத்தில்தான் தெரியும். நாற்காலி அவளுக்கென்றால் வார்சாவை விட்டுவிடலாம். இல்லையென்றால் விடக் கூடாது. அதாவது, ஜூன் மாதத்துப் பதில் மே மாதத்திலேயே வேண்டும். பதில் தெரிந்தவர் மேலாளர் அமான்கெல்டி ஒருவர்தான். அவரிடம் கேட்டால், ஏன் இப்போது கேட்கிறாய் என்பார். காரணத்தைச் சொன்னால், கிளம்பப் போகிறவளுக்கு நாற்காலி எதற்கு என்று வேறு ஆளைப் போட்டுவிடுவார். கேட்காவிட்டால் பதில் தெரியாது, கேட்டால் பதிலே மாறிவிடும். இதற்கு என்ன வழி என்று அவளுக்குப் புலப்படவில்லை.

வார்சா அவளுக்கு இரண்டாம்பட்சம். ஆசைப்பட்டது சிங்கப்பூரில் ஒரு பள்ளிக்கு. நேர்காணல் வரை கூப்பிட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள். ஆனால் காரணம் கேட்டால் போனில் சொல்கிற நல்ல வழக்கம் அவர்களிடம் இருந்தது. "உங்க வேலை ரொம்பப் பிடிச்சிருந்தது. ஆனா நீங்க யாரையும் வழிநடத்தினதில்லையே. அடுத்த வருஷம் திரும்ப விண்ணப்பியுங்க" என்றாள் அங்கிருந்த பெண். திரும்ப விண்ணப்பிப்பவர்களை இப்படித்தான் பார்ப்பார்களாம்: போன வருட விண்ணப்பத்தையும் இந்த வருட விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் என்ன மாறியிருக்கிறது என்று தேடுவார்கள். ஆள் மாறவில்லையென்றால் முடிவும் மாறாது. ஷிப்ட் இன்சார்ஜ் ஆனால் கிரேன் ஓட்டுபவர்களும் கொக்கி மாட்டுபவர்களுமாக ஒரு கூட்டமே அவள் பொறுப்பில் வரும். அதுதான் மாற்றம். இன்னொன்றும் இருந்தது. ஒரு பள்ளியில் இந்தப் படிப்பை முடித்தவரை இன்னொரு பள்ளி அதே படிப்புக்கு எடுக்காது. வார்சாவுக்குச் சரி சொன்னால் சிங்கப்பூர் கதவை அவளே சாத்திக்கொண்ட மாதிரி.

நாற்காலிமேல் அவளுக்கு நியாயமான உரிமையும் இருந்தது. சீனத்து ரயில் பாதையைவிட நம் பாதை நாலு விரல் அகலம் கூடுதல். அந்த நாலு விரலுக்காக, அங்கிருந்து வரும் ஒவ்வொரு ரயிலையும் நம் ரயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு கன்டெய்னரையும் கிரேனால் தூக்கி இந்தப் பக்கம் வைக்க வேண்டும். அங்கே நிற்கிற வரிசையிலேயே எடுத்து இங்கே வைத்துவிட முடியாது. நம் வேகன் நீளமானது, இரண்டு பெரிய பெட்டிகள் ஏறும். இரண்டும் கனமானவையாக அமைந்துவிட்டால் வேகன் தாங்காது. கனமானதோடு லேசானதைச் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்காகக் கிரேன் முன்னும் பின்னும் அலைந்தால் பாதி நாள் போய்விடும். குரலாய் செய்தது இதுதான்: ரயில் எல்லைக்கு அப்பால் நிற்கும்போதே எடைகளை வாங்கி, எந்தப் பெட்டிக்கு எது ஜோடி என்று முன்கூட்டியே போட்டுவிடுவாள். கிரேன் ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனையில் முடிக்கும், திரும்பி வரவே வராது. அதைக் கண்ணால் பார்ப்பதே அவளுக்கு ஒரு சுகம்.

மார்ச் மாதத்து நவுரிஸ் புத்தாண்டு விருந்தில் எல்லோர் முன்னாலும் அமான்கெல்டி, "அந்த நாற்காலி குரலாய்க்கு இல்லாம வேற யாருக்கு?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் அதைக் கேள்வியாகத்தான் கேட்டார் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

வார்சா விஷயத்தை அவள் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. பரிந்துரைக் கடிதங்களைப் பழைய கம்பெனியில் வாங்கியிருந்தாள். ஆனால் இடம் தந்த பிறகு பள்ளி சும்மா இருப்பதில்லை. விண்ணப்பத்தில் எழுதியதெல்லாம் உண்மையா என்று விசாரிக்க ஒரு நிறுவனத்தை அமர்த்தும். அந்த நிறுவனம் வேலை செய்யும் இடத்துக்குப் போன் போட்டு, இன்னார் அங்கே இருக்கிறாரா, என்ன வேலை என்று கேட்கும். குரலாய் தந்திருந்தது பணியாளர் பிரிவின் எண். புதன்கிழமை காலை அங்கே யாரும் எடுக்கவில்லை. வரவேற்பில் இருந்த பெண் அழைப்பை மேலாளருக்கு மாற்றிவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து, யார்டுக்குப் பக்கத்து ஊரான ஜார்கெண்டில் வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் கார்கள் நின்றன. கறி வேகும் வாசனை தெருவரை வந்தது. உள்ளே நீள விரிப்பைச் சுற்றி அக்கம்பக்கத்தார் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். விரிப்பின் தலைப்பக்கம் அமான்கெல்டி. அவர் முன்னால், முக்கிய விருந்தாளிக்கு வைக்கிற ஆட்டுத் தலை. அவர் தோளில் வெல்வெட் மேலங்கி. குரலாயின் அப்பா இருந்தபோது இரண்டே முறை போட்டது.

அவர் மத்தியானமே வந்து வாசல் கேட் அருகில் நின்று "சூயின்ஷி!" என்று கூவினாராம். நல்ல சேதியை முதலில் கொண்டுவருகிறவர் அப்படிக் கூவுவார். சேதி என்னவென்று தெரியும் முன்பே, "வேண்டியதை எடுத்துக்கோ" என்று வீட்டார் பதில் சொல்ல வேண்டும். அம்மா சௌரேஷும் அப்படியே சொன்னாள். சேதியைக் கேட்டதும் அழுதாள். பிறகு பெட்டியைத் திறந்து அந்த மேலங்கியை எடுத்து அவருக்குப் போர்த்தினாள்.

"வாம்மா வார்சாக்காரி!" என்றார் அமான்கெல்டி. "நாங்கல்லாம் அந்நியமாப் போயிட்டமா? ஒரு வார்த்த சொல்லலியே."

"எனக்கே சொல்லல அமெக்கே!" என்றாள் அம்மா. அமான்கெல்டியை மரியாதையாக எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பெத்தவளுக்கு ஊர்க்காரர் வந்து சொல்ல வேண்டியிருக்கு."

"நான் இன்னும் முடிவு பண்ணலம்மா."

"முடிவு பண்றதுக்கு இதுல என்னடி இருக்கு?" என்றாள் எதிர்வீட்டு ரௌஷான் அத்தை. "கல்யாணத்துக்குத்தான் முடிவு பண்ணாம உக்காந்திருக்கே. இதையாவது பண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அமான்கெல்டி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தூக்கினார். உடனே அறையில் எல்லாக் கைகளும் விரிந்தன. "போற பாதை வெள்ளையா இருக்கட்டும். வார்சால எங்க தலை நிமிரும்படி படிச்சுட்டு வா. ஆமின்." எல்லோரும் "ஆமின்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

குரலாயும் தடவிக்கொண்டாள். நடக்கத் தெரிவதற்கு முன்பே பழகிய கைகள் அவை. பெரியவர் கை விரிந்தால் தானாக விரியும். முகத்தில் உள்ளங்கை பட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவளுக்குப் புரிந்தது. பயண ஆசியை வாங்கிக்கொண்டவர் போகிறேன் என்று ஊர் முன்னால் சொன்னவர். ஆசியைத் திருப்பிக் கொடுக்கிற முறை என்று நம்மிடம் எதுவும் கிடையாது.

மறுநாள் காலை ஷிப்ட் அறைக்குப் போனாள். இன்சார்ஜ் நாற்காலியில் அமான்கெல்டியின் அக்கா மகன் எல்டோஸ் உட்கார்ந்து, உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"இது கீழ இறங்கவே மாட்டேங்குது அக்கா. எந்த நெம்புகோல்?"

அவள் நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

"அமெக்கே, நாற்காலி எனக்குன்னு சொன்னீங்க."

"சொன்னேன். நீதான் போறியே கண்ணு."

"போறேன்னு நான் சொன்னேனா?"

"கைய விரிச்சே, முகத்தத் தடவினே. ஜார்கெண்டே பாத்துச்சு. இனிமே வாயால வேற சொல்லணுமா?"

"போகலன்னா?"

"உங்கம்மாகிட்டச் சொல்லு. மேலங்கியக் கழட்டிக் குடுத்துடறேன்." சிரித்தார். "நல்ல துணி. கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கும்."

"எல்டோஸுக்கு ஜோடி போடத் தெரியாது. ரெண்டு கனமான பெட்டிய ஒரே வேகன்ல ஏத்திடுவான்."

"நீ கிளம்ப ஆகஸ்ட் ஆகும்ல? அதுவரைக்கும் சொல்லிக் குடு. போற இடத்துல புண்ணியமா இருக்கும்."

வெளியே வந்தாள். எல்டோஸ் நெம்புகோலைக் கண்டுபிடித்துவிட்டிருந்தான்.

"ரயில்வே மருத்துவப் பரிசோதனை எப்பப் போகப் போறே?" என்று கேட்டாள். கண், காது, இதயம் எல்லாம் பார்த்துச் சான்று தராமல் யாரையும் அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரைக்குமாவது ஏதாவது செய்யலாமா என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

"அதெல்லாம் ஏப்ரல்லயே முடிச்சாச்சு அக்கா. மாமா அனுப்பினாரு. காதுதான் கொஞ்சம் இழுத்துச்சு, அப்புறம் சரின்னுட்டாங்க."

ஏப்ரல். வார்சாவிலிருந்து அவளுக்கே பதில் வராத மாதம்.

வீட்டில் அம்மா விருந்துப் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தாள். குரலாய் நடந்ததைச் சொன்னாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லபடியா அனுப்பி வைக்க வந்த மனுஷனத் திட்டாதே."

"அனுப்பத்தான்மா வந்தாரு."

"என்னடி பேச்சு இது?"

"இத்தன வருஷம் அவருகிட்ட வேல பாத்திருக்கேன். ஏன் போறே, போகாதேன்னு பேச்சுக்காவது ஒரு வார்த்த சொன்னாரா? மத்தியானம் நீ கறி வேக வச்சப்ப சொன்னாரா? யோசிச்சுச் சொல்லு."

அம்மா ஒரு கிண்ணத்தை இரண்டு முறை கழுவினாள்.

"சொல்லல," என்றாள். பிறகு, "உங்கப்பா மேலங்கி அவனுக்குத் தோள்ல அளவாத்தான் இருந்துச்சு," என்றாள்.

வெள்ளிக்கிழமை குரலாய் கடைசியாக எல்லாவற்றையும் ஒரு முறை போட்டுப் பார்த்தாள். இங்கேயே இருந்தால் எல்டோஸுக்குக் கீழே அதே பழைய வேலை. அடுத்த வருடம் சிங்கப்பூரில் இரண்டு விண்ணப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வயதைத் தவிர எதுவும் மாறியிருக்காது. வேறு யார்டுக்குப் போகலாமென்றால், எல்லையில் இருக்கிற நாலு யார்டுக்காரர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஆசி வாங்கிய சேதி அங்கேயும் போயிருக்கும். ஆகஸ்டில் வார்சாவுக்குப் போகிறவளை எவரும் மே மாதத்தில் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். கணினியைத் திறந்து, வருகிறேன் என்ற கட்டத்தில் அழுத்தினாள். வாழ்த்துகள் என்று திரையில் வந்தது. இந்த வாரத்தில் அந்தச் சொல்லை அவளிடம் சொல்லாதவர் யாருமில்லை.

வாரம் முழுக்கக் குடைந்த கணக்குக்கு விடையும் கிடைத்திருந்தது. கேட்டால் பதில் மாறிவிடும் என்று பயந்தது தப்பு. பதில் ஏப்ரலிலேயே முடிவாகியிருந்தது. நாற்காலி எனக்கா என்று மேலாளரிடம் கேட்கவே வேண்டாம். வேறிடத்தில் இடம் கிடைத்திருக்கிறது, போகப் போகிறேன் என்று நேரில் போய்ச் சொல்ல வேண்டும். நாற்காலியை உனக்கென்று வைத்திருப்பவர் போகாதே என்பார், ஜூன் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கொடுப்பார். வேறொருவருக்கு வைத்திருப்பவர் ஆசி கூறுவார்.