கேட்டுட்டுப் போடு

டிஜிட்டல் மார்க்கெட்டிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவனுக்கு வகுப்பில் 'மைக்' என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. யாரும் எடுத்துப் புழங்குவதில்லை.

அந்தப் பருவத்துக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சொந்தமாக ஒரு பாட்காஸ்ட் தொடங்க வேண்டும், அதைச் சமூக வலைத்தளங்களில் பரப்ப வேண்டும், கடைசியில் 'எத்தனை பேர் கேட்டார்கள், நான் என்ன கற்றேன்' என்று கட்டுரை எழுத வேண்டும். வகுப்பெடுத்த 'ரீச்' சாருக்கு இரண்டாவது கேள்வியில் அவ்வளவாக ஆர்வமில்லை.

மைக்கின் பாட்காஸ்டுக்குப் பெயர் 'வெற்றியின் ஏழு தூண்கள்'. மூன்று தூண் நட்டிருந்தான். மீதியை எங்கே நடுவதென்று அவனுக்கே விளங்கவில்லை. கேட்டவர்கள் மொத்தம் நான்கு பேர். அதில் இரண்டு பேர் அவனேதான்: போனில் ஒருவன், லேப்டாப்பில் ஒருவன். மூன்றாவது அவன் அக்கா. தைத்துக்கொண்டே ஓடவிட்டாள்; மெஷின் சத்தத்தில் ஒரு வார்த்தையும் காதில் விழாததால் நல்லா இருக்கு என்றாள். நான்காவது ஆள் யாரோ, நாற்பதாவது விநாடியில் தப்பித்துவிட்டார்.

அக்காவுக்கு ஆல்டரேஷன் கடை. பெரியதைச் சிறிதாக்குவாள், சிறியதைக் கொஞ்சம் பெரிதாக்குவாள், பெரிதாக்க முடியாததை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். கடையின் மூலையில் உடை போட்டுப் பார்க்கத் திரை மறைத்த ஒரு சந்து இருந்தது. சுற்றிலும் கோட்டும் கம்பளியும் தொங்கியதால் எதிரொலி கிடையாது. மைக்குக்கு அதுதான் ஸ்டுடியோ. கஸ்டமர் வந்தால் காலி செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம்.

"இன்னொண்ணு," என்றாள் அக்கா, வாயோரம் குண்டூசிகளைக் கவ்வியபடி. "கடையில எடுக்கறது எதுவா இருந்தாலும் கேட்டுட்டுப் போடு. கேக்காம போட்டே, கத்தரிக்கோல் இருக்கு."

"சரிக்கா."

ஒரு மாலை அவன் நாலாவது தூணைத் தூக்கி நிறுத்தும் நேரம் பார்த்து, பல் கிளினிக்கின் ரிசப்ஷனிஸ்ட் உள்ளே வந்தார். அக்கா இவனை வெளியே விரட்டினாள். அவசரத்தில் மைக்ரோபோன் கொக்கியிலேயே தொங்கியபடி ஓடிக்கொண்டிருந்தது.

அவன் அதைத் திரும்ப எடுத்துக் கேட்டபோது, திரைக்கு வெளியே கண்ணாடி முன் நின்று அவர் பேசியது அட்சரம் பிசகாமல் பதிவாகியிருந்தது. கோட்டை இடுப்பில் பிடிக்க வேண்டும், வேறு இடத்தில் இன்டர்வியூ, டாக்டருக்குத் தெரியாது, தெரிந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார். அதன் பிறகு டாக்டரைப் போலவே மூக்கால் பேசிக் காட்டியிருந்தார்: "சின்...ன வேலைதாம்மா, தெரியவே தெரியாது!" கூடவே தன் குரலில், "ஊருக்கே வாயைத் திறங்க, வாயைத் திறங்கம்பார். சம்பளம்னு நான் திறந்தா மட்டும், மூடும்மாங்கறார்!" குண்டூசி விழுந்து சிதறும் அளவுக்கு அக்கா சிரித்ததும் பதிவாகியிருந்தது.

மைக்குக்குப் புல்லரித்தது. இதுவல்லவோ தூண்!

அக்கா சொன்னது நினைவிருந்தது. கேட்டான். ஹெட்போன் போட்டு இரண்டு முறை, போடாமல் ஒரு முறை. இன்டர்வியூ பகுதியை வெட்டினான். அடுத்தவர் அந்தரங்கம் அவனுக்குப் புனிதமானது. பேர் போடவில்லை, முகமும் இல்லை. 'என் டாக்டர்' என்று தலைப்புக் கொடுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போனான்.

காலையில் போன் சூடாக இருந்தது. நான்கு பேர் கேட்ட பாட்காஸ்டை மூவாயிரம் பேர் கேட்டிருந்தார்கள். ரீச் சார் மூன்று நெருப்புப் படங்கள் அனுப்பியிருந்தார். பல்லைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படங்கள் அதற்குக் கீழே வரிசை கட்டி நின்றன. நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: 'இது நம்ம கிளினிக்ல போன் எடுக்கற குரல்தானே?'

அதைப் படித்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. இந்தப் பக்கத்தில் பல்வலி வந்த அத்தனை பேருக்கும் முதலில் தெரியும் குரல் அவருடையது. முகம் போட்டிருந்தால்கூடச் சிலருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

அக்கா போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கேட்டுட்டுப் போடச் சொன்னேனா இல்லையா?"

"கேட்டுட்டுத்தான்க்கா போட்டேன்!"

"யாரைடா கேட்டே?"

"யாரையா? அதைத்தான் கேட்டேன். மூணு தடவை."

அக்கா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள். "காதால கேட்டியா? கடவுளே. அந்தப் பொம்பளைக்கு இருக்கறது இந்த ஒரு வேலை. நம்பி வந்து பேசினது என் கடையில. இப்பவே அதை எடு. எடுத்துட்டு நீயே போய்ச் சொல்லு."

விரலால் ஒரு தட்டு. மூவாயிரம் பேர் போனார்கள். மறுபடி நான்கு பேர், அதில் இரண்டு அவன். ஆனால் அதற்குள் கேட்டவர்கள் காதிலிருந்து எதையும் எடுக்க வழியில்லை. அந்தப் பொத்தானை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கிளினிக்கின் காத்திருப்பு அறை நிறைந்திருந்தது. ரிசப்ஷனிஸ்ட் அவனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். போன் அடித்தது. "வணக்கம், ஒரு நிமிஷம் இருங்க." குரல் எப்போதும்போல இருந்தது. ரிசீவர் பிடிக்காத கை மட்டும் அப்பாயின்ட்மென்ட் சீட்டு ஒன்றைப் பொடிப்பொடியாகக் கிழித்துக்கொண்டிருந்தது. மைக் அதுவரை அவர் குரலைத்தான் கவனித்திருந்தான்.

"மேடம், எடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க. டாக்டர்..."

"இன்னும் கேக்கலை," என்றார் அவர் பல்லைக் கடித்தபடி. "இங்க உட்கார்ந்திருக்கற எல்லாரும் கேட்டாச்சு. அவர் மட்டும்தான் பாக்கி."

கதவு திறந்தது. டாக்டர் தலையை நீட்டினார். "யார் அடுத்தது? வாங்க, சின்...ன வேலைதான்!"

அறை முழுவதும் ஒரே நேரத்தில் இருமியது. ஒரு பெண் கைப்பைக்குள் முகத்தைப் புதைத்தார். கன்னம் வீங்கிய ஒருவர், சிரிக்கவும் முடியாமல் வலிக்காமல் இருக்கவும் முடியாமல் கண்ணில் நீர் விட்டார்.

"என்ன எல்லாரும் சிரிக்கறீங்க?" என்றார் டாக்டர்.

யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தால் போதும், ரிசப்ஷனிஸ்டின் வேலை போய்விடும். திறப்பதற்காகவே வந்த கூட்டம் அது.

"பயத்துல டாக்டர்," என்றார் கன்னம் வீங்கியவர். "எனக்குப் பயம் வந்தா சிரிப்பு வரும்."

"எனக்கும்," என்றார் கைப்பைப் பெண்.

"பயப்பட என்ன இருக்கு? வாயைத் திறந்தா முடிஞ்சுது," என்றார் டாக்டர் பெருமையாக. மறுபடி இருமல் எழுந்தது. அவர் கண் மைக்கின் மேல் விழுந்தது. "தம்பிக்கு என்ன?"

அவன் பதில் தேடுவதற்குள் ரிசப்ஷனிஸ்ட் இனிமையாகச் சொன்னார்: "இவருக்குத்தான் ரொம்ப அவசரம் டாக்டர். முதல்ல இவரைப் பாருங்க."

எல்லோரும் மனமுவந்து வழி விட்டார்கள். அவன் வாயில் ஒரு சொத்தை நிஜமாகவே இருந்தது. வலி தெரியவே தெரியாது என்று டாக்டர் சொன்னது பொய்.

கட்டுரையில் 'கேட்டவர்கள்: நான்கு' என்று எழுதிக் கொடுத்தான். "தானா ஓடிட்டிருந்த குதிரையைக் கொன்னுட்டியேடா!" என்று ரீச் சார் துக்கம் விசாரித்துவிட்டு, தேர்ச்சிக்குத் தேவையான மார்க்கை மட்டும் போட்டார்.

இன்டர்வியூ முடிந்த வாரம் ரிசப்ஷனிஸ்ட் கடைக்கு வந்தார். மைக் தண்டனையாகப் பழைய தையல் பிரித்துக்கொண்டிருந்தான்.

"வேலை கிடைக்கலை," என்றார்.

"ஏன் மேடம்? என்ன கேட்டாங்க?"

"உன் பாட்காஸ்டைத்தான்."

அவன் கையில் தையல் பிரிக்கும் ஊசி நின்றது.

"மூஞ்சியை அப்படி வைக்காதே," என்றார் அவர். "இன்னும் கோபம் இருக்கு. ஆனா வேற ஒரு இடத்துல போன்ல ஒலிக்கறதுக்குக் குரல் தேடறாங்க. 'வரிசையில் காத்திருங்கள்'னு சொல்லணும். சாம்பிள் அனுப்பணுமாம். உங்கிட்டதான் அந்தக் கருமம் இருக்கே."

கோட்டுகளின் நடுவே அவரை நிற்கவைத்தான். மைக்ரோபோனைக் கொக்கியில் மாட்டினான். பொத்தானுக்குப் போன விரல் பாதியில் நின்றது.

"மேடம்... பதிவு பண்ணட்டுமா?"

திரைக்கு அந்தப் பக்கம் அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"இப்பத்தான் தம்பி கேக்கறே," என்றார் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ம், போடு."