சர்க்கரை பூஜ்யம்

அலுவலகத்தில் அவளுக்குத் ‘தற்காலிகம்’ என்று பெயர். மூன்று வருடத்துக்கு முன்னால் அவசரத்துக்கு எழுதிக்கொடுத்த ஒரு கணினி நிரலின் தலையில் “தற்காலிகம், பிறகு மாற்றவும்” என்று குறிப்பு எழுதி வைத்தாள். ஆய்வுக்கூடத்திலிருந்து எக்ஸ்எம்எல் என்ற கோப்பு வடிவில் வரும் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பிரித்து, மருத்துவமனையின் ஜாவா மென்பொருளுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. இன்றுவரை அதுதான் மாற்றிக் கொடுக்கிறது. பெயர் மட்டும் நிரலை விட்டிறங்கி அவள்மேல் ஏறிக்கொண்டது.

அந்த நிரல் அவள் ஒருத்திக்குத்தான் புரியும். அதனால் மூன்று வருடமாக லீவு என்றாலே மேலாளருக்கு நெஞ்சை அடைத்தது. இப்போது அவளுடைய அக்காவுக்குப் பித்தப்பையில் கல், வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கூட இருக்க வேறு நாதியில்லை.

“பத்து நாள்தானே? தாராளமா போம்மா,” என்றார் மேலாளர். “இந்த மாத்துற வேலையை ஒரு சாஃப்ட்வேர் கருவிகிட்ட ஒப்படைச்சிட்டுப் போ.”

கருவியைத் தேர்ந்தெடுக்கக் குழு அமைத்தார்கள். அதன் தலைவர், அலுவலகத்தின் தலைமை மென்பொருள் கட்டமைப்பாளர். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் ‘பீடம்’. முதல் இரண்டு கூட்டங்கள் குழுவுக்குப் பெயர் வைப்பதில் கழிந்தன. மூன்றாவதில் பதினான்கு அளவுகோல்கள் கொண்ட அட்டவணை வந்தது. அதில் ‘நேர்த்தி’ என்று ஒன்று. என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு எட்டு மார்க் போட்டார்கள். இரண்டு கருவிகள் சமமாக வந்து நின்றதும், அளவுகோலைத் திருத்த இன்னும் நான்கு கூட்டம்.

எட்டாவது கூட்டம் வியாழக்கிழமை. விடிந்தால் ஆபரேஷன். அவளுக்கு எந்தக் கருவி ஜெயித்தாலும் சம்மதம். ஏதாவது ஒன்று ஜெயித்துத் தொலைந்தால் போதும்.

ஜெயித்த கருவியைப் பீடமே ஓட்டிக் காட்டினார். ஆய்வுக்கூடம் அனுப்பும் செய்தியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமாவை அவர்தான் எழுதியிருந்தார். அதைப் படித்துக் கருவி தானாகவே ஜாவா நிரல்களை எழுதித் தள்ளியது. நேற்றைய இருநூறு முடிவுகள் கண் மூடித் திறப்பதற்குள் திரையில் ஓடின. கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

தட்டிய கை பாதியில் நின்றது. மூன்றாவது வரி: ‘சர்க்கரை: 0’.

அந்த நோயாளிக்குச் சர்க்கரை பார்க்கவே இல்லை. செய்தியில் அந்த வரியே கிடையாது. ஆனால் கட்டாயம் ஓர் எண் இருக்கும் என்று ஸ்கீமா சொல்லியிருந்தது. கருவி அதை நம்பிப் பூஜ்யத்தைக் காட்டிவிட்டது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் லீவு. அக்காவின் முகம் ஒரு நொடி வந்து போனது. வார்டில் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு குளுக்கோஸ் பாட்டிலோடு ஓடிவரும் நர்ஸும் வந்து போனாள்.

“சார், சர்க்கரை பூஜ்யம்னு காட்டுது. அவருக்கு டெஸ்ட்டே எடுக்கலை.”

“அதெல்லாம் விளிம்புநிலை நேர்வும்மா, ஆயிரத்துல ஒண்ணு வரும்,” என்றார் பீடம்.

“அந்த விளிம்புல ஒரு ஆள் படுத்திருக்காரு சார்.”

மேலாளர் பதறினார். “வம்பே வேணாம். பேசாம உன்னோடதே ஓடட்டும்மா. நீ பக்கத்துல இருந்து பாத்துக்கோ.”

போயிற்று பத்து நாள்.

திருத்துவதற்கு ஒரே வரிதான். ‘இந்த எண் இல்லாமலும் இருக்கலாம்’ என்று ஸ்கீமாவில் சொன்னால் தீர்ந்தது. ஆனால் ஸ்கீமாவில் பிழை என்றால் பீடத்தில் பிழை. அதற்குத் தனிக் குழு வேண்டும்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “சார், ரெண்டாவது கூட்டத்துல நீங்களே சொன்னீங்களே, ‘இல்லைங்கிறதும் ஒரு தகவல்தான்’னு. அதை ஸ்கீமால ஏத்த நாங்கதான் விட்டுட்டோம்.”

பீடம் கூரையைப் பார்த்தார். நினைவு மெல்ல மெல்ல வந்தது.

“சொன்னேன்,” என்றார். “யாரு காதுல வாங்குறீங்க?”

இரண்டே நிமிடத்தில் வரி மாறியது. கருவி மறுபடி ஓடியது. மூன்றாவது வரியில் சர்க்கரைக்கு எதிரே வெறும் இடம். இம்முறை கைதட்டல் பீடத்துக்கு.

பக்கத்தில் இருந்த, மென்பொருளைச் சோதிக்கும் பெண் காதைக் கடித்தாள். “எப்பக்கா சொன்னாரு?”

“சொல்லியிருப்பாருடி. நாம தூங்கியிருப்போம்.”

மறுநாள் காலை மருத்துவமனைக் கவுன்ட்டரில் அக்கா அவள் தோளில் சாய்ந்து நின்றாள். கணினிக்குப் பின்னாலிருந்த பெண் நிமிராமல் கேட்டாள். “பேஷன்ட் எடை?”

“பாக்கலையேம்மா.”

“காலியா விட்டா அடுத்த பக்கம் போகாது. பூஜ்யம்னு போட்டுக்கறேன்.”

லீவு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் பையைக் கீழே வைத்தாள்.

“போடாதீங்க. எடை மிஷின் எங்க இருக்கு?”

“அந்தக் கோடியில.”

“என்னால நடக்க முடியலடி,” என்று முனகினாள் அக்கா. “அவ என்னத்தையோ போட்டுக்கட்டுமே.”

“மயக்க மருந்தை எடையைப் பாத்துத்தான்க்கா கொடுப்பாங்க. மெதுவா வா,” என்று அக்காவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நீண்ட தாழ்வாரத்தில் நடக்க ஆரம்பித்தாள்.