இன்னும் ஐந்து துடிப்பு

காலையிலிருந்து பதிமூன்று பேரை ஓடவிட்டு நிறுத்தியிருந்தாள், ஆஸ்பத்திரியில் இதயச் சோதனை செய்யும் டிரெட்மில் அறை டெக்னீஷியன். ஓடியது அவர்கள், கால் கடுத்தது இவளுக்கு. இது என்ன நியாயமோ! பதினான்காவது, துறைமுகத்து கிரேன்காரர். ஃபைலில் இருந்த பெயரை இரண்டு தடவை கூப்பிட்டும் மனிதர் அசையவில்லை. மனைவி விலாவில் இடித்த பிறகுதான் எழுந்தார்.

துணைக்கு வந்தவர் என்ற இடத்தில் மனைவி கையெழுத்துப் போட்டாள். வயது ஐம்பத்தைந்து.

“இவருக்கு அம்பத்திரண்டுன்னு இருக்கே. உங்களைவிட இளையவரா?”

“அய்யய்யோ, நல்லா கேட்டீங்க! எனக்கு நாலு வயசு மூத்த...” என்று ஆரம்பித்தவள், புருஷன் முறைத்த முறைப்பில் கப்பென்று வாயை மூடிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

நமக்கெதற்கு வம்பு என்று டெக்னீஷியன் ஃபைலில் இருந்ததையே தட்டினாள். இருநூற்றிருபதில் வயதைக் கழித்தால், இதயம் அதிகபட்சம் எவ்வளவு துடிக்கும் என்று ஓர் உத்தேசம் கிடைக்கும். அதில் நூற்றுக்கு எண்பத்தைந்தைத் தொட்டால்தான் சோதனை முழுமை. ஐம்பத்திரண்டுக்கு நூற்று நாற்பத்து மூன்று என்றது திரை. சோதனை முழுமையாகாமல் கம்பெனி யாரையும் கிரேனில் ஏற்றாது. ஐம்பத்தெட்டு தாண்டினால் ஓய்வுதான், எதற்கும் ஏற்றாது.

மார்பெல்லாம் ஒயரோடு அவர் நடந்தார், பிறகு ஓடினார். மூன்றாம் கட்டத்தில் டிரெட்மில்லின் பட்டை மேடானதும் மூச்சு இரைத்தது. நூற்று முப்பது. முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. அதற்குமேல் எண் ஏறமாட்டேன் என்றது. கைப்பிடியை இறுக்கிய விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

டெக்னீஷியன் அந்த விரல்களைப் பார்த்தாள். காதில் விழுந்ததைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டு, அலுப்பில் ஒரு மனுஷனை இந்தப் பாடு படுத்துகிறேனே, நான் என்ன ஜென்மம்! பட்டையை நிறுத்தினாள்.

“ஏம்மா நிறுத்தினீங்க? இன்னும் அஞ்சுதானே!”

“அந்த அஞ்சு உங்களுக்கு உள்ளது இல்லண்ணே. உங்க வீட்டம்மா சொன்ன கணக்குல, உங்க நிஜ வயசுக்கு நூத்தி முப்பத்தேழே போதும்.”

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“தம்பியோட சர்ட்டிபிகேட்டும்மா,” என்றார் துண்டுக்குள்ளிருந்து. “அவன்தான் படிச்சவன். பத்தொம்பது வயசுல செத்துப்போயிட்டான். நான் அவன் பேர்ல வேலைக்குச் சேர்ந்தேன். முப்பத்திமூணு வருஷமாச்சு.”

“இப்படியே குடுத்தா, முழுமையில்லைன்னு டாக்டர் மறுபடி ஓடச் சொல்வாரு. நிஜ வயசைப் போட்டா...” அவள் முடிக்கவில்லை. முடித்துத்தான் ஆகவேண்டுமா என்ன, வேலை அன்றோடு சரி.

“போடுங்க.”

“அண்ணே, ஒரு தடவை யோசிச்சு...”

“அவன் பேரைக் கூப்பிடும்போதெல்லாம் திரும்பிப் பார்த்து அலுத்துப்போச்சும்மா. இனிமே அவனுக்கும் சேர்த்து என்னால ஓட முடியாது. போடுங்க.”

ஐம்பத்தொன்பது என்று தட்டினாள். திரையில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

“பாஸாம்மா?”

“பாஸ்ண்ணே.”

அவர் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார்.

“வெளிய அவகிட்ட பாஸுன்னு மட்டும் சொல்லுங்க. மீதியைப் போற வழியில நானே சொல்லிக்கிறேன்.”