கீழ்வேளூரில் இருந்த நகல்

குத்தாலத்துக்கு மேற்கே, சாலையை ஒட்டி இருக்கிற ஜெக்கரியா ஹாஜியாரின் அரிசி ஆலையில் அந்தப் புதன்கிழமை காலை நெல் லாரிகள் வாசல்வரை நின்றிருந்தன. குறுவை அறுவடை நேரம். மழை முந்திக்கொண்டதால் வந்த நெல்லெல்லாம் ஈரம். உலர்த்தும் இயந்திரம் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலையும் தாண்டி மாடியிலிருந்து கணக்கர் ஆனந்தவல்லியின் குரல் கேட்டபோது நுஸைபா ஸ்கூட்டியை இன்னும் நிறுத்தக்கூட இல்லை.

"நுஸைபா, சீக்கிரம் மேல வா! யாருக்கும் மெயில் தொறக்கல. திரையில என்னவோ மிரட்டற மாதிரி எழுதியிருக்கு."

ஆலையின் கணினிகள் எல்லாம் நுஸைபாவின் பொறுப்பு. கும்பகோணத்தில் படித்துவிட்டு, சென்னையில் ஒரு நிறுவனத்தில் சர்வர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் பக்கமே வந்தவள். வெளிநாட்டு வியாபாரத்தின் கடிதப் போக்குவரத்து நம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று ஹாஜியார் நினைத்ததால், ஆலைக்கென்று தனியாக ஒரு மெயில் சர்வர் மாடியறையில் ஓடியது. அதை அமைத்தவளும் அவள்தான்.

திரையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. எவனோ உள்ளே புகுந்து அஞ்சல்பெட்டிகள் அத்தனையையும் பூட்டுப் போட்டிருக்கிறான். சாவி வேண்டுமென்றால் பணம் அனுப்பு என்று கீழே ஒரு முகவரி. அவள் நேரே சர்வர் அறைக்குப் போய் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கினாள். பக்கத்தில் செருகியிருந்த பேக்கப் டிஸ்க்கைப் பார்த்தாள். அதையும் பூட்டியிருந்தார்கள். அதுவும் எதிர்பார்த்ததுதான். கூடவே செருகியிருந்ததை விட்டுவைக்க வந்தவனுக்கு என்ன தலையெழுத்தா?

"யாரும் கம்ப்யூட்டர தொடாதீங்க. ஓடிட்டிருக்கறது அப்படியே ஓடட்டும், நெட் கேபிள மட்டும் உருவுங்க" என்று சொல்லிவிட்டு ஹாஜியாரின் அறைக்குப் போனாள்.

அங்கே ஏற்றுமதி மேலாளர் வெங்கட்ராகவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். ஊரில் நிலபுலன்களை எல்லாம் விற்றுவிட்டுப் படிப்பை நம்பி வெளியேறிய குடும்பத்துப் பிள்ளை. பம்பாயில் கப்பல் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். ஆலையின் அரிசி கடல் தாண்டியது அவர் வந்த பிறகுதான். இத்தனை வருஷத்தில் அவர் பதறி யாரும் பார்த்ததில்லை. இன்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பாய், மஸ்கட் சரக்கு துறைமுகத்துல நிக்கறது. பேப்பர் எல்லாம் மெயில்ல இருக்கு. நாளை சாயங்காலத்துக்குள்ள போகலேன்னா கப்பல் போயிடும். அவன் கேக்கறத குடுத்துத் தொலைச்சுடலாம்."

ஹாஜியார் நுஸைபாவைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

"குடுக்க வேணாம் ஹாஜியார். குடுத்தாலும் தொறப்பான்னு என்ன நிச்சயம்? போன வெள்ளிக்கிழமை வரைக்கும் உள்ள மெயில் பூரா கீழ்வேளூர் குடோன்ல ஒரு டிஸ்க்ல இருக்கு. அது எந்தக் கம்ப்யூட்டர்லயும் செருகாம தனியா இருக்கறதால அவன் கை அங்க எட்டாது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நான் மெயில ஓட விடறேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

வெங்கட்ராகவன் குறுக்கே வந்தார். "அது வேலை செய்யும்னு எப்படிம்மா சொல்றே? டிஸ்க்கு பெட்டியில தூங்கறது. எடுத்துச் செருகினா அது செத்துப்போயிருந்தா?"

"மாசாமாசம் எடுத்துச் செருகிப் பாக்கறேன் சார். பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல யாராவது ஒருத்தர் மெயில் பெட்டிய எறக்கி, மெயில் தொறக்குதான்னு பாத்துட்டுத்தான் திருப்பி அனுப்பறேன். சனிக்கிழமையில நான் அறையில உக்காந்து அதத்தான் செய்வேன். நீங்ககூட, வேலை இல்லாத வேலைன்னு கேலி பண்ணுவீங்களே."

ஹாஜியார் மேசைமேல் இருந்த கார்ச் சாவியை எடுத்து நீட்டினார். "வீரையன கூட்டிக்கிட்டு போ. வேற என்ன வேணும்?"

"புதுசா ஒரு சர்வர். பழசுல திரும்ப ஏத்த மாட்டேன். அவன் எங்கெங்க பதுங்கியிருக்கான்னு தெரியாது, அதோட போலீஸுக்கும் அத அப்படியே காட்டணும். மாயவரத்துல நம்ம கடைக்காரர்கிட்ட இருக்கு, நான் சொல்லிடறேன். சைபர் கிரைமுக்கு நீங்க இப்பவே ஒரு புகார் குடுத்துடுங்க."

வெளியே வந்தவள் வெங்கட்ராகவனிடம் திரும்பினாள். "சார், நீங்க மஸ்கட்டுக்குப் போன் போட்டு சமீர்கிட்ட பேசிடுங்க. நம்ம பேர்ல ஏதாவது மெயில் வந்தா, அதுவும் பேங்க் கணக்கு மாறிடுச்சுன்னு வந்தா, நம்ப வேணாம்னு சொல்லுங்க. குரல்ல சொன்னாத்தான் நம்புவாரு."

கூத்தாநல்லூர்க்காரரான சமீர்தான் மஸ்கட்டில் ஆலையின் அரிசியை வாங்குகிறவர். அந்த யோசனை தனக்குத் தோன்றவில்லையே என்பதுபோல வெங்கட்ராகவன் சட்டென்று போனை எடுத்தார்.

வழியெல்லாம் மழை. திருவாரூருக்கு இந்தப் பக்கம் ஒரு வாய்க்கால் உடைத்துக்கொண்டு தண்ணீர் சாலைமேல் ஓடியது. வீரையன் வண்டியை நிறுத்தி, முன்னால் போன டிராக்டரின் சக்கரம் எவ்வளவு முழுகுகிறது என்று பார்த்தார். "போயிடலாங்க. திரும்பி வரும்போதும் இதே அளவு இருந்தா சரி" என்று முதல் கியரில் மெதுவாக உருட்டினார். நுஸைபா மடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று எழுதிக்கொண்டிருந்தாள். தண்ணீரைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

கீழ்வேளூர் குடோனுக்குப் பொறுப்பான அமிர்தம் வாசலிலேயே காத்திருந்தாள். கையில் எவர்சில்வர் தூக்கு ஒன்று.

"அக்கா, டிஸ்க் எங்க?"

"இதுக்குள்ளதான்" என்று அமிர்தம் தூக்கைத் திறந்தாள். உள்ளே அரிசி. கையை விட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு நூலால் கட்டிய கறுப்பு டிஸ்க்கை வெளியே எடுத்தாள். "பீரோவுல வச்சா பூசணம் பூக்குது தங்கச்சி. இந்த மழைக்குத் துணியே காய மாட்டேங்குது. அதான் அரிசிக்குள்ள பொதச்சு வச்சேன். ஈரத்த அது இழுத்துக்கும்ல?"

நுஸைபா உறையைப் பிரித்து முனையைத் துடைத்துப் பார்த்தாள். ஒரு பொட்டுத் துருவில்லை. பையிலிருந்த மடிக்கணினியில் அங்கேயே செருகினாள். விளக்கு எரிந்தது, வெள்ளிக்கிழமைத் தேதியிட்ட கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. சிரித்துவிட்டு அமிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா வச்சிருக்கீங்கக்கா."

மதியம் ஆலைக்குத் திரும்பியபோது புது சர்வர் மேசைமேல் வந்திருந்தது. முதலில் டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்தாள். இருக்கிற ஒரே நகலை வைத்துக்கொண்டு வேலையில் இறங்குகிறவள் இல்லை அவள். பிறகு சர்வரைப் புதிதாக நிறுவி, பெயர்களையும் அஞ்சல்பெட்டிகளையும் காலியாக உருவாக்கினாள். பழைய சர்வரிலிருந்து ஒரு நிரலைக்கூட எடுக்கவில்லை. கடிதங்களையும் அந்தந்தப் பெட்டியின் அமைப்புகளையும் மட்டும் கொண்டுவந்து ஊற்றுவது அவள் திட்டம்.

ஹாஜியார் எட்டிப் பார்த்தார். "என் பெட்டிய மொதல்ல ஏத்துறியாம்மா?"

"இல்ல ஹாஜியார். மொதல்ல ஏற்றுமதிப் பெட்டி. கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஏற்றுமதிப் பெட்டி தடையில்லாமல் இறங்கியது. கணக்குப் பிரிவு, கொள்முதல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வெங்கட்ராகவனின் சொந்தப் பெட்டியில் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. ஆனந்தவல்லி பயந்துபோய், "என்னடி ஆச்சு?" என்றாள். நுஸைபா அசரவில்லை. அந்தப் பெட்டி மகா பெரியது; சோதனைக்கு எடுத்தபோதும் இப்படித்தான் மூச்சுத் திணறியது. அதை வருஷம் வருஷமாகப் பிரித்துக் கொடுத்தாள். நகர்ந்தது. அதை ஓடவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள், தூங்கினாள்.

காலையில் வந்து பார்த்தபோது எல்லாம் இறங்கியிருந்தது. சர்வரை வெளி இணைப்புக்குத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு பெட்டியின் அமைப்புகளையும் சரிபார்த்தாள். வெங்கட்ராகவன் பெட்டியில் கை நின்றது. அவருக்கு வரும் கடிதம் ஒவ்வொன்றிலும் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்கும் ஒரு பிரதி போகும்படி யாரோ விதி போட்டிருந்தார்கள். அது வெள்ளிக்கிழமைக்கும் முந்தையது. திருடன் உள்ளே வந்தது இந்தப் பெட்டி வழியாகத்தான்.

அவள் அந்த விதியை அழித்தாள். பிறகு வெங்கட்ராகவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"சார், எங்கயாவது பாஸ்வேர்டு கேட்டு, நீங்க குடுத்தீங்களா?"

அவர் யோசித்தார். முகம் மெல்ல மாறியது. "பெட்டி நிரம்பிடுத்து, உடனே உள்ள வந்து சரிபண்ணுங்கோன்னு ஒரு மெயில் வந்தது. அழுத்தினேன், பாஸ்வேர்டு கேட்டது, போட்டேன். உன் பேர்லதாம்மா வந்தது."

நுஸைபாவுக்குச் சுருக்கென்றது. பெட்டியைக் குறையுங்கள், குறையுங்கள் என்று அவரை மாதக்கணக்கில் நச்சரித்தவள் அவள். அந்த நச்சரிப்பை எவனோ ஒருவன் தூண்டிலாக்கிவிட்டான். அதே பாஸ்வேர்டைத்தான் அவர் வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்குள் வருவதற்கும் வைத்திருந்தார். மீதி வழியை அவன் தானே கண்டுபிடித்திருப்பான்.

"நான் அனுப்பியிருந்தா நேர்ல வந்து சொல்லுவேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு நெனச்சேன். வாயத் தொறந்து அத சொல்லியிருக்கணும். சொல்லல" என்றாள் அவள்.

"எல்லாருக்கும் தெரியணுமா?"

"எல்லாரும் பாஸ்வேர்டு மாத்தணும். ஏன்னு நான் சொல்லணும். யாருன்னு சொல்ல வேண்டியதில்ல சார்."

அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். கீழே வெயில் விழுந்ததும் களத்தில் நெல்லைப் பரப்பத் தொடங்கியிருந்தார்கள். அங்கேயே பார்த்தபடி கேட்டார்: "வெள்ளிக்கிழமைக்கு அப்பறம் வந்த மெயில் இல்லியே, அத என்ன பண்ணுவே? திங்கக்கிழமைதான் சமீர் சாக்கு லேபிளுக்குச் சம்மதம் அனுப்பினார்."

"அது ஒண்ணுதான் சார் என் கையில இல்ல. அவர திரும்ப அனுப்பச் சொல்லணும்."

"வேண்டாம். கும்பகோணத்துல என் வீட்டு மடிக்கணினில இருக்கும். ஏற்றுமதிப் பெட்டி, என் பெட்டி ரெண்டும் அதுல தானா இறங்கிக்கும். நீதான் அப்படி வச்சுக்காதீங்கோன்னு சொல்வே. செவ்வாய்க்கிழமை ராத்திரி மூடினவன் அப்பறம் தொறக்கவே இல்லை."

நுஸைபா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நெட் போடாம, தொறக்காம அப்படியே எடுத்துட்டு வாங்க சார்! சர்வரோட சேர்ந்தா இருக்கறதும் அழிஞ்சுடும்."

அவரே காரை ஓட்டிக்கொண்டு போய் எடுத்து வந்தார். அவள் அதைத் தனியாக வைத்துச் சோதித்து, தீங்கு ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விட்டுப்போன நாட்களின் கடிதங்களைப் பிரித்தெடுத்து ஏற்றுமதிப் பெட்டியிலும் அவர் பெட்டியிலும் சேர்த்தாள். சமீரின் சம்மதக் கடிதம் அதில் இருந்தது. மற்றவர்களுக்கு அந்த நாட்களில் வந்தவற்றை அனுப்பியவர்களிடமே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஒன்றிரண்டு கிடைக்கவே இல்லை. அதை அவள் ஹாஜியாரிடம் மறைக்காமல் சொன்னாள்.

மதிய லுஹர் தொழுகைக்கு முன்பே எல்லாரையும் மாடிக்குக் கூப்பிட்டாள். பாஸ்வேர்டு மாற்றுவது எப்படி என்று அவள் சொல்லத் தொடங்குவதற்குள் வெங்கட்ராகவன் முன்னால் வந்தார்.

"இது என்னால வந்தது. போலியா வந்த மெயில நம்பி என் பாஸ்வேர்ட நான்தான் குடுத்தேன். என்னையே ஏமாத்தினவன் உங்களையும் ஏமாத்துவான். பாஸ்வேர்டு கேட்டு யார் பேர்ல என்ன வந்தாலும், எழுந்து போய் அந்த ஆள நேர்ல கேளுங்கோ. கூச்சப்படாதீங்கோ."

ஆனந்தவல்லி, "எனக்கும் அதே மாதிரி ஒண்ணு வந்துது சார். பெட்டி காலியா இருந்ததால நான் அழுத்தல" என்றாள். அவரே முதலில் சிரித்தார். மற்றவர்கள் பிறகு சிரித்தார்கள்.

நுஸைபா புது சர்வருக்கு இணைப்பைக் கொடுத்தாள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு கடிதம் வந்தது. பிறகு படபடவென்று வரத் தொடங்கின. நேற்றிலிருந்து இங்கே வாசல் மூடியிருந்ததால் அனுப்பியவர்களின் சர்வர்களில், விடாமல் தட்டிக்கொண்டே காத்திருந்தவை அவை. மேசைக்கு மேசை போன்கள் சிணுங்கின. ஹாஜியார் தன் அறையிலிருந்து உரக்கச் சொன்னார்: "எனக்கும் வந்துடுச்சு!"

வெங்கட்ராகவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சான்றிதழ்களையும் லேபிள் சம்மதத்தையும் சேர்த்துத் துறைமுக முகவருக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு முகவருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டிச் சரிபார்க்கவும் செய்தார். சாயங்காலம் சரக்கு கப்பலில் ஏறிவிட்டதாகத் தகவல் வந்தபோது அவர் அடுத்த ஆர்டருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஹாஜியார் நுஸைபாவைக் கூப்பிட்டார். "என்னம்மா வேணும், சொல்லு."

"பேராவூரணி கிளையில இன்னொரு டிஸ்க் வைக்கணும் ஹாஜியார். ஆலையும் கீழ்வேளூரும் ஒரே மழையில மாட்டிக்கிட்டா வேற ஊர்ல ஒண்ணு இருக்கணும். இனிமே தெனமும் ஒரு நகல் வெளிய போகணும், வாரத்துக்கு ஒரு தடவை பத்தாது. நாலு நாள் மெயில சார் வீட்டு மடிக்கணினி காப்பாத்துனது நம்ம நல்ல நேரம்."

"செய்."

"அப்பறம், வர்ற சனிக்கிழமை பெட்டி எறக்கிப் பாக்கறப்ப ஆனந்தவல்லியக்காவும் கூட உக்காரணும். நான் லீவுல இருந்தா யாருக்காவது தெரியணும்ல?"

"அவங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"கேக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு நுஸைபா கணக்குப் பிரிவைப் பார்த்து நடந்தாள்.