கொதிகலன் கூடத்துக் குழாய்

ஊர்ச் சாக்கடையை இறைத்து வெளியே தள்ளிய அந்தப் பழைய நிலையத்தில் இரண்டு கூடங்கள். ஒன்றில் நீராவி எந்திரம் இன்னும் மாப்பிள்ளை மிடுக்கோடு நின்றது. அதைத் தொட மாட்டோம் என்று சாலைத் துறை சொல்லிவிட்டது. மற்றது கொதிகலன் கூடம். கொதிகலன் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட, சுவர்களும் கரியும்தான் மிச்சம். ‘காலிக் கொட்டகை’ என்று எழுதி, தெருவை அகலமாக்க இடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

பழைய தொழிற்கூடங்களை அளந்து ஆராய்கிற அவளுக்கு மனசு கேட்கவில்லை. எந்திரத்தை வைத்துக்கொண்டு இந்தக் கூடத்தை இடிப்பது, வாயை வைத்துக்கொண்டு வயிற்றை வெட்டுவது போல. சாலைத் துறை அதிகாரியிடம் போய் முறையிட்டாள். “காலி இல்லைன்னு காட்டுங்க. நாளைக்கு மதியம் வந்து பார்க்கிறேன்” என்றார் அதிகாரி. மறுநாள் இடிக்கிற மிஷின் காலையிலேயே வாசலில் வந்து நின்றுவிட்டது.

காட்ட என்ன இருந்தது? கட்டைவிரல் பருமனில் ஒரு குழாய், சின்ன வால்வோடு, தெருப்பக்கச் சுவருக்குள் நுழைந்தது. ‘தண்ணீர் வரும் குழாய்’ என்று வரைபடத்தில் எழுதியிருந்தாள்.

படம் எடுக்க வந்திருந்த கொழுந்தன் சலித்துக்கொண்டான். “அண்ணி, உங்க கண்ணுக்குக் குழாய். என் கண்ணுக்குத் துரு. துருவை எத்தனை படம் எடுக்கிறது?”

“முதல்ல தேய்ங்க, கொழுந்தனாரே. வீட்டிலதான் ஒரு கரண்டி தேய்ச்சதில்ல.”

கம்பி பிரஷ்ஷால் தேய்த்தவன் நிமிர்ந்தான். “வால்வு மேல அம்புக்குறி இருக்கு அண்ணி. தெருவைப் பார்க்குது.”

“திருப்பி மாட்டியிருப்பாங்க.”

“ஆமா, செத்தவங்க மேல பழியைப் போடுங்க. எதிர்த்துப் பேசவா போறாங்க?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் சுருக்கென்றது. அவர்கள் சரியாகத்தான் மாட்டியிருந்தால்? அம்பு ஓட்டத்தின் திசையைத்தான் காட்டும். அப்படியானால் தண்ணீர் உள்ளே வரவில்லை, கொதிகலனின் நீராவி உள்ளேயிருந்து தெருவுக்குப் போயிருக்கிறது. தெருவில் எந்திரம் ஏது? இங்கே எல்லாக் குழாயும் எந்திரத்துக்குத்தான் என்று படித்தவள் அவள். அப்படித்தான் பார்க்கவும் பார்த்தாள். ஒரு குழாய் மனுஷருக்காக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

இடிக்க வந்திருந்த மேஸ்திரியிடம் ஓடினாள். “அண்ணே, வெளிச்சுவர்ல குழாய் போற இடத்தை மட்டும் கையால பிரிச்சுக் கொடுப்பீங்களா? மிஷின் வேணாம்.”

“நேரமாச்சுன்னா கான்ட்ராக்டர் என்னை இடிப்பாரும்மா.”

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“டேய், சாப்பிடப் போங்கடா! நல்லா மென்னு சாப்பிடுங்க. அவசரப்பட்டா செரிக்காது.”

உளியையும் சுத்தியலையும் தானே எடுத்துக்கொண்டு தெருவுக்கு நடந்தார். ஆண்டவன் எல்லா இடத்துக்கும் நேரில் வருவதில்லை. யாரோ ஒருவரின் சாப்பாட்டு வேளையைத் தள்ளிப்போட்டு வேலையை முடித்துக்கொள்கிறான்.

பூச்சு உதிர்ந்தது. அதற்குப் பின்னால், பிற்காலத்தில் யாரோ அடைத்த செங்கல். அதையும் எடுத்ததும் ஒரு மாடம். மாடத்துக்குள் நீளமான கல்தொட்டி. குழாய் அதன் அடிவரை இறங்கி நுனி மூடிக் கிடந்தது. பக்கமெல்லாம் ஊசித் துளைகள். தொட்டியின் விளிம்பில் வரிசையாக வழவழப்பான பள்ளங்கள்.

மேஸ்திரி ஒரு பள்ளத்தில் முழங்கையை வைத்தார். அச்சாகப் பொருந்தியது. “கை கழுவின தொட்டிம்மா இது!”

“வெந்நீர்த் தொட்டிண்ணே” என்றாள் அவள். குழாயின் ஊசித் துளைகளைத் தொட்டுக் காட்டினாள். “நீராவி இது வழியா வந்து தண்ணியைச் சுட வச்சிருக்கு. சாக்கடையில இறங்கினவங்க இந்தத் தெரு வழியாத்தான் மேல வந்திருப்பாங்க. அந்தக் கோலத்தில யார் வெந்நீர் கொடுப்பாங்க? கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவங்க கொடுத்திருக்காங்க.”

அப்போதுதான் அதிகாரி வந்தார். “என்ன, ஆளையே காணோம்?”

“பசங்க சாப்பிடறாங்க சார்.”

“இன்னுமா?”

“பல்லு சரியில்ல சார்” என்றார் மேஸ்திரி, முகம் மாறாமல்.

அதிகாரி தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். “இதைக் கட்டச் சொன்னது யாரு?” என்று கேட்டார்.

“யாரும் சொல்லல சார். அதனாலதான் பழைய வரைபடம் எதிலயும் இல்ல.”

உத்தரவு இல்லாமல் ஒரு நல்லது நடந்திருக்கிறது என்பது அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். பிறகு போனை எடுத்தார்.

“ஆமாய்யா, கொட்டகை காலி இல்ல, இடிக்க வேணாம். எதிர்ப்பக்கம் நம்ம ஆபீஸ் வண்டி நிறுத்துற இடம்தானே? ரோட்டுக்கு அதிலேர்ந்து எடுத்துக்கலாம். என் வண்டியா? வெயில்ல நிக்கட்டும், உருகிடாது.”

அந்தக் குறுகிய தெருவில் மிஷினைத் திருப்ப வழியில்லை. பின்பக்கமாகவே வெளியே போக வேண்டியதாயிற்று. அதிகாரியே புழுதியில் நின்று, “வா, வா, ரைட்ல ஒடி, இன்னும் ஒடி” என்று கையாட்டி வழி காட்டினார்.