கெட்டியான குழாய்

சென்னகிருஷ்ணன் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியும் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பீடி சிகரெட்டைத் தொட்டதில்லை. "பெருமாள் கொடுத்த உடம்புங்க" என்பார். சொல்லும் தோரணையில் பெருமாளுக்குப் பாதிப் பங்குதான் இருக்கும்.

தொண்ணூற்றாறாம் வருஷம் கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரியில், வயதாக வயதாக ரத்தக்குழாய் எப்படி மாறுகிறது என்று ஆராய, நோயில்லாத பெரியவர்களைத் தேடினார்கள். மாஸ்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். பக்கத்துப் பெஞ்சில் மாசாணம் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாசாணம் அதே மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். அத்தனை வருஷமும் இருவரும் ஒரே கேன்டீனில் டீ குடித்தவர்கள். மாசாணத்தின் மகள் பொற்கொடி கல்யாணத்தோடு பேச்சு நின்றுபோயிற்று. மாஸ்டர் கல்யாணத்துக்குப் போனார், போட்டோவுக்கும் நின்றார். பந்திக்குக் கூப்பிட்டபோது மட்டும், "இன்னைக்கு விரதமுங்க" என்று கும்பிடு போட்டுவிட்டு நழுவினார். அன்று சாயங்காலமே அவர் பேக்கரி வாசலில் முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்ததை மாசாணம் பார்த்துவிட்டார். பார்த்தவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம்.

ஹாரிகா என்ற டாக்டரம்மா மாஸ்டரின் கழுத்திலும் தொடையிலும் கருவியை வைத்தாள். இதயம் தள்ளுகிற அலை எத்தனை வேகமாக ஓடுகிறது என்று மெசின் கோடு போட்டுக் காட்டியது. வயதானவர்கள் மனம் நோகும்படி ஒரு வார்த்தை சொல்ல அந்தப் பெண்ணுக்கு வராது.

"அலை வேகமாப் போகுதுங்க சார். குழாய் கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்குதுங்க. வயசானா வாரதுதான், பயப்படாதீங்க."

"பயமா? எனக்கா?" என்று மாஸ்டர் பொத்தானைப் போட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே அவள் மாசாணத்திடம் சொல்வது காதில் விழுந்தது: "உங்களுக்கு இன்னும் இளக்கமா இருக்குதுங்க."

ஆயுள் முழுக்க நூலோடு கிடந்த மனிதருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நூல் என்றால் கெட்டியாக இருக்க வேண்டும். முறுக்கு இளகிய நூல் எந்த நிமிஷமும் அறுந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வெங்கடலட்சுமியிடம், "எனக்குக் கெட்டியாம். பாவம், மாசாணத்துக்கு இளகிப்போச்சு. எப்ப அறுந்து போகுமோ" என்றார்.

"ஏனுங்க, அப்பறம் இங்கயே உக்காந்திருந்தா? ஒரு எட்டு போய்ப் பாத்துப்போட்டு வாங்க."

மறுநாள் ராகி மாவும் நாட்டுக்கோழி முட்டையும் டிவிஎஸ் ஃபிப்டியில் ஏறின. மாசாணம் வாசலுக்கே ஓடி வந்தார்.

"ஓடாதே! மெதுவா நட" என்று மாஸ்டர் பதறினார். "டாக்டரம்மா சொன்னதைக் கேட்டேன். உனக்கு இளகிப்போச்சாமில்ல? நானெல்லாம் கெட்டி. உனக்கு ஏதாச்சும் ஒத்தாசை வேணும்னா சொல்லு."

மாசாணம் ஒரு நிமிஷம் விழித்தார். பின்னால் நின்ற அவர் மனைவி சின்னத்தாயிக்குச் சிரிப்பு வந்தது. மாசாணம் அவளைக் கண்ணால் அடக்கிவிட்டு, மெள்ள நடந்து வந்து நாற்காலியில் சாய்ந்தார். "ஆமாங்க மாஸ்டர். முந்தி மாதிரி இல்லீங்க."

சின்னத்தாயி இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப் பாலும் கொண்டுவந்து வைத்தாள். மாஸ்டரின் வாய் பழக்கத்தில் விரதத்துக்குத் தயாரானது. சீக்காளி வீட்டில் அப்படிச் சொன்னால் மனசு உடைந்துபோகுமே, குழாய் வேறு இளக்கம் என்று எண்ணி, எடுத்துச் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்.

அதன்பின் வாரந்தோறும் போனார். குடத்தைத் தூக்கி வைத்தார். ரேஷன் கடையில் மாசாணத்துக்காக வரிசையில் நின்றார். அவருடைய வேட்டியைக்கூட ஒருநாள் கொடியில் காயப் போட்டார். மாசாணம் அவ்வப்போது சின்னதாக இருமி அவரை ஊக்கப்படுத்தினார்.

மறுபடி மருத்துவக் கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள். மாஸ்டர் டாக்டரம்மாவிடம், "மாசாணத்தை நல்லாப் பாத்துக்கம்மா. எனக்காச்சும் கெட்டி" என்றார்.

ஹாரிகா திகைத்தாள். "சார், நூலு மாதிரி நெனச்சுக்காதீங்க. இது ரப்பர் குழாய் மாதிரிங்க. ஒவ்வொரு துடிப்புக்கும் விரிஞ்சு குடுக்கோணும். வயசாக ஆக, நோயே இல்லாதவங்களுக்கும் இது விறைச்சுக்குது. விறைச்ச குழாயிலதான் அலை வேகமா ஓடும். இளக்கமா இருக்கறதுதானுங்க நல்லது."

"மாசாணத்துக்கு இது தெரியுமா?"

"அவருக்கு அன்னைக்கே சொன்னேனுங்களே. நீங்கதான் பாதியிலேயே எந்திருச்சுப் போய்ட்டீங்க."

மாஸ்டருக்கு முகம் சுட்டது. காயப் போட்ட வேட்டி ஞாபகம் வந்தது. இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று வண்டியை எடுத்தார். வண்டி என்னவோ மாசாணம் வீட்டு வாசலில் போய்த்தான் நின்றது.

சின்னத்தாயி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்: "ஏனுங்க, மாஸ்டர் வாராரு, இருமுங்க!"

"வேண்டாம், இருமாதே" என்றார் மாஸ்டர். முதல்முறையாக வெறுங்கையோடு வந்திருந்தார். "எனக்குத்தான் கெட்டியாப் போச்சாம், மாசாணம்."

"தெரியுமுங்க."

"டாக்டரம்மா சொன்னாளா?"

"அவங்க உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க மாஸ்டர். பொற்கொடி கல்யாணத்தன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க. அதுக்கு எதுக்கு மெசினு?"

சின்னத்தாயி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"அப்பறம் ஏன் சீக்காளி மாதிரி நடிச்சே?"

"நான் நல்லாயிருந்தா நீங்க வரமாட்டீங்களே."

மாஸ்டர் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு செருப்பைக் கழற்றினார். நாற்காலியை விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்த மாசாணத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் மடங்க மறுத்தது, வற்புறுத்தி மடக்கினார்.

"அம்மணி, உங்க ஊட்டுக் கல்யாணச் சாப்பாடு நான் இன்னும் சாப்பிடலை. இலை போடு."

"இன்னைக்கு விரதமில்லீங்களா?" என்று கேட்டார் மாசாணம்.

"இல்லை."

"நல்லவேளைங்க" என்று மாசாணம் இலையில் தண்ணீர் தெளித்தார். "முட்டை பப்ஸ் செய்ய இவளுக்குத் தெரியாதுங்க."